லூசில் பால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1951 முதல் 1957 வரை அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் திங்கட்கிழமை இரவுதோறும் ஒளிபரப்பான 'ஐ லவ் லூசி' என்ற நகைச்சுவைத் தொடர், எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் மறு ஒளிபரப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் நாயகி லூசில் பாலைப் பற்றி வாசகர்கள் கேட்பவற்றில் பெரும்பாலானவை இரண்டு விஷயங்களைச் சுற்றியே வருகின்றன: திரையில் காணும் அந்தக் குறும்பு அவருக்கு இயல்பாகவே வந்ததா, ஒரு நடிகை எப்படி ஸ்டுடியோவின் தலைவரானார் என்பவை. இரண்டுக்கும் அவரைப் பற்றிய பொதுவான கதைகள் சொல்லும் விடை முழுவதும் சரியல்ல என்பதால், சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் எங்கே பிறந்தார்? இளமைக்காலம் எப்படிப்பட்டது?

நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியிலுள்ள ஜேம்ஸ்டவுன் என்ற சிற்றூரில் 1911 ஆகஸ்ட் 6 அன்று பிறந்தார். தொலைபேசிக் கம்பங்களில் கம்பி இழுக்கும் வேலை பார்த்த தந்தை ஹென்றி பால், லூசிலுக்கு மூன்று வயது நிரம்பியிருந்தபோது, 1915-இல் டைபாய்டு காய்ச்சலில் இறந்தார். அப்போது கர்ப்பமாக இருந்த தாய் டீடீ மறுமணம் செய்துகொண்டு வேலை தேடி வெளியூர் சென்ற காலத்தில், லூசில் மாற்றாந்தந்தையின் பெற்றோரிடம் சில ஆண்டுகள் விடப்பட்டார். கண்ணாடியில் முகம் பார்ப்பதே கர்வம் என்று கருதிய கண்டிப்பான வீடு அது. பிறகு அருகிலுள்ள செலரானில் தாய்வழித் தாத்தா ஃப்ரெட் ஹண்ட்டின் வீட்டில் வளர்ந்தார். நாடகக் கொட்டகைக்குப் பேத்தியை அழைத்துச் சென்று வேடிக்கை நிகழ்ச்சிகளைக் காட்டியவர் இந்தத் தாத்தாதான். பின்னாளில் அவருடைய அரசியல் நம்பிக்கையால் பேத்திக்கு நேர்ந்த சங்கடத்தைக் கீழே காணலாம்.

1927-இல் அந்த வீட்டின் கொல்லைப்புறத்தில் தாத்தாவின் மேற்பார்வையில் பிள்ளைகள் துப்பாக்கி சுடப் பழகிக்கொண்டிருந்தபோது, குறுக்கே ஓடிய பக்கத்து வீட்டுச் சிறுவன் மீது குண்டு பாய்ந்து அவன் முடமானான். வழக்கில் குடும்பம் வீட்டையே இழந்தது.

நடிப்புப் பள்ளி அவரைத் தகுதியற்றவர் என்று திருப்பி அனுப்பியது உண்மையா?

உண்மை. பதினைந்து வயதுக்குள்ளாகவே நியூயார்க் நகரின் ஜான் மர்ரே ஆண்டர்சன் நாடகப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே அந்த ஆண்டின் ஒளிவீசும் மாணவி பெட்டி டேவிஸ். லூசிலோ வாயைத் திறக்கவே கூசினார். பயிற்சிக்குச் செலவிடும் பணம் வீண் என்று பள்ளியிலிருந்து தாய்க்குக் கடிதம் போனது. ஊர் திரும்பியவர் மீண்டும் நியூயார்க் சென்று, ஆடை வடிவமைப்பாளர் ஹாட்டி கார்னகியிடம் மாடலாக வேலை பார்த்தார். மூட்டுவாதத்தால் நெடுநாள் படுக்கையில் கிடந்து எழுந்தார். செஸ்டர்ஃபீல்டு சிகரெட் விளம்பரத்தின் முகமானார். அந்த அறிமுகத்தின் வழியே 1933-இல் சாமுவேல் கோல்ட்வின் தயாரித்த எடி கேன்டர் படமொன்றில் நடனக் குழுப் பெண்களில் ஒருவராக ஹாலிவுட் போய்ச் சேர்ந்தார்.

தொலைக்காட்சிக்கு வருமுன் அவர் திரைப்பட நட்சத்திரமாக இருந்தாரா?

நட்சத்திரம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வேலையில்லாமல் இருந்தவரும் அல்லர். ஆர்.கே.ஓ. நிறுவனத்தில் ஒப்பந்த நடிகையாகச் சிறு வேடங்களில் தொடங்கி, 1937-இல் காதரின் ஹெப்பர்ன், ஜிஞ்சர் ரோஜர்ஸ் ஆகியோருடன் 'ஸ்டேஜ் டோர்' படத்தில் கவனம் பெற்றார். அதன்பின் குறைந்த செலவில் எடுக்கப்படும் இரண்டாம் தரப் படங்களின் ராணி என்றே பத்திரிகைகள் அவரை அழைத்தன. 1940-களில் எம்.ஜி.எம். அவரை வாங்கி, வண்ணப்படங்களில் அழகுப் பதுமையாக நிறுத்தியது. அவரிடம் ஒரு கோமாளி ஒளிந்திருப்பதை அங்கே கண்டுகொண்ட சிலரில் முக்கியமானவர் மௌனப்பட மேதை பஸ்டர் கீட்டன். அந்நாளில் எம்.ஜி.எம்.மில் நகைச்சுவை ஆலோசகராக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த கீட்டன், கைப்பொருள்களைக் கையாளும் நுட்பத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்தார். நாற்பது வயதில் திடீரென வந்த வெற்றி என்று இவரது கதையைச் சொல்பவர்கள் இந்தப் பதினெட்டு ஆண்டுப் பயிற்சியைக் கணக்கில் எடுப்பதில்லை.

அவருடைய சிவப்புத் தலைமுடி இயற்கையானதா?

இல்லை. இயல்பான நிறம் பழுப்பு. முதலில் பொன்னிறமாக்கிக்கொண்டார், எம்.ஜி.எம்.மில் 1940-களின் தொடக்கத்தில் சிகை அலங்காரக் கலைஞர் சிட்னி கிலரோஃப் அதைச் சிவப்பாக்கினார். அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுசென்ற தொடர் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது என்பது வேடிக்கைதான்.

டெசி ஆர்னாஸ் யார்?

கியூபாவின் சாண்டியாகோ நகரில் 1917-இல், வசதியான குடும்பத்தில் பிறந்தவர். தந்தை அந்நகரின் மேயர். 1933-ஆம் ஆண்டுப் புரட்சியில் சொத்துகள் பறிபோக, குடும்பம் மியாமிக்கு அகதியாக வந்தது. அங்கே பறவைக் கூண்டுகளைக் கழுவிப் பிழைத்த இளைஞர், பாடகராகவும் இசைக்குழுத் தலைவராகவும் உயர்ந்தார். 1940-இல் ஆர்.கே.ஓ. படமொன்றில் லூசிலைச் சந்தித்து, அதே ஆண்டு நவம்பர் 30 அன்று கனெக்டிகட்டின் கிரீன்விச்சில் மணந்துகொண்டார். அவர் இசைக்குழுவுடன் ஊர் ஊராகப் போக, இவர் ஹாலிவுட்டில் நடிக்க, ஆண்டின் பெரும்பகுதி பிரிந்தே வாழ்ந்தார்கள். 1944-இல் லூசில் விவாகரத்துக்கு மனுப் போட்டு, பிறகு சமாதானமாகிவிட்டார். கணவரை வீட்டோடு வைத்திருக்க வழி தேடியதுதான் 'ஐ லவ் லூசி' பிறந்ததற்கான உடனடிக் காரணம்.

அந்தத் தொடர் எப்படி உருவானது?

1948-இலிருந்து சி.பி.எஸ். வானொலியில் 'மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்' என்ற நகைச்சுவைத் தொடரில் லூசில் நடித்துவந்தார். ஸ்டுடியோவில் பார்வையாளர்கள் இருந்தார்கள். அவர்கள் சிரிப்புக்கு ஏற்ப அவருடைய முகமும் கையும் விரிந்தன. அதன் எழுத்தாளர்களான ஜெஸ் ஓப்பன்ஹைமர், மேடலின் ப்யூ, பாப் கேரல் மூவரும்தான் பிற்பாடு லூசி என்ற பாத்திரத்தை வடித்தவர்கள். அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர நிறுவனம் விரும்பியபோது, கணவராக டெசியே நடிக்க வேண்டும் என்று லூசில் நிபந்தனை விதித்தார். கியூப உச்சரிப்புள்ள ஒருவரை அமெரிக்கப் பெண்ணின் கணவராகப் பார்வையாளர்கள் ஏற்கமாட்டார்கள் என்று நிறுவனம் தயங்கியது. இருவரும் 1950-இல் ஒரு மேடை நிகழ்ச்சியைத் தயாரித்து நகரம் நகரமாகப் போய் நடத்திக் காட்டினார்கள். கைதட்டலே பதிலாக அமைந்தது. 1951 மார்ச்சில் மாதிரிப் பகுதி எடுக்கப்பட்டது. ஜூலையில் மகள் லூசி பிறந்தார். அக்டோபர் 15 அன்று முதல் பகுதி ஒளிபரப்பானது.

படச்சுருளில் எடுத்ததை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறார்கள்?

அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சியின் தலைநகரம் நியூயார்க். பெரும்பாலான நிகழ்ச்சிகள் அங்கிருந்து நேரடியாக ஒளிபரப்பாகும். மேற்குப் பகுதி மக்களுக்குப் பின்னர் கிடைப்பது கினெஸ்கோப், அதாவது தொலைக்காட்சித் திரையையே படமெடுத்து அனுப்பும் மங்கலான நகல். லூசில் தம்பதியோ கலிஃபோர்னியாவை விட்டு நகர மறுத்தார்கள். அங்கிருந்து நேரடியாக ஒளிபரப்பினால் மங்கல் நகல் கிழக்குப் பகுதிக்குப் போகும். வாடிக்கையாளர்களில் பெரும்பான்மையினர் வசிக்கும் பகுதி அது என்பதால், விளம்பரதாரரான பிலிப் மாரிஸ் சிகரெட் நிறுவனம் ஒப்பவில்லை. திரைப்படம்போல 35 மி.மீ. படச்சுருளில் எடுத்துவிட்டால் நாடு முழுவதும் ஒரே தரத்தில் தெரியும் என்பது டெசி வைத்த தீர்வு. செலவு கூடும் என்று நிறுவனம் முணுமுணுத்தபோது, தங்கள் சம்பளத்தில் வாரத்துக்கு 1,000 டாலரைக் குறைத்துக்கொள்கிறோம், பதிலாகப் படச்சுருள்களின் உரிமை எங்களுடையதாக இருக்கட்டும் என்று தம்பதியர் சொன்னார்கள்.

ஒருமுறை ஒளிபரப்பான நிகழ்ச்சிக்கு அதற்குமேல் விலை இருக்கும் என்று அன்று யாரும் எண்ணவில்லை. அதனால்தான் அந்த உரிமையை நிறுவனம் அவ்வளவு எளிதாக விட்டுக்கொடுத்தது. சில ஆண்டுகளில் அதே சி.பி.எஸ்., அதே பகுதிகளின் மறு ஒளிபரப்பு உரிமைக்காக இவர்களிடமே பல லட்சம் டாலர் கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. இந்தப் பேரத்தை லூசிலின் வணிகச் சாதுரியம் என்று பல கட்டுரைகள் எழுதுகின்றன. அது டெசியின் மூளை. லூசிலுக்குப் பெருமை சேர்ப்பதற்காக டெசியைக் குறைத்துச் சொல்வது தேவையற்றது. லூசிலே அதைச் செய்ததில்லை.

மூன்று கேமராக்களில் படமெடுக்கும் முறையைக் கண்டுபிடித்தவர்கள் இவர்கள்தானா?

இல்லை. பல கேமராக்களைக் கொண்டு பார்வையாளர்முன் படச்சுருளில் பதிவுசெய்த போட்டி நிகழ்ச்சிகள் அதற்கு முன்பே இருந்தன. அவற்றில் ஒன்றில் வேலை பார்த்த அல் சைமன் இவர்களோடு வந்து சேர்ந்தார். கதை சொல்லும் தொடருக்கு அந்த முறையை ஒழுங்காகப் பொருத்தியதுதான் இக்குழுவின் சாதனை, அதில் ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்டின் பங்கு மிகப் பெரிது. ஜெர்மனியின் 'மெட்ரோபோலிஸ்' படத்திலும் ஹாலிவுட்டின் 'டிராகுலா'விலும் நிழலை ஆயுதமாகப் பயன்படுத்திய அந்த மேதை, இங்கே நிழலே விழாதபடி விளக்குகளை மேலே தொங்கவிட்டுச் சீரான வெளிச்சத்தை உண்டாக்க வேண்டியிருந்தது. ஒரே நேரத்தில் தூரக்காட்சியும் அருகாமைக் காட்சியும் பதிவாகும்போது, விளக்கை மாற்றி வைக்க இடைவெளி கிடையாது அல்லவா. அரங்குகளையும் பொருள்களையும் சாம்பல் நிறத்தின் பல படிகளில் வண்ணமடித்தார்கள். எதிரே சுமார் 300 பார்வையாளர்கள் அமர்ந்திருந்தார்கள். நாம் கேட்பது பெரும்பாலும் அவர்களுடைய சிரிப்பே. அமெரிக்க நகைச்சுவைத் தொடர்கள் பல இன்றும் இதே அமைப்பில்தான் எடுக்கப்படுகின்றன.

சேட்டைகளையெல்லாம் அவர் அந்த இடத்திலேயே கற்பனை செய்தாரா?

ஏறக்குறைய எதையும் அப்படிச் செய்யவில்லை. தாம் இயல்பில் வேடிக்கையானவர் அல்லர் என்பதை லூசிலே பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். எழுத்தாளர்கள் அவருடைய உடலசைவுகளை அடியடியாக விவரித்துப் பெரிய எழுத்துகளில் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். ஒரு பெண் இதைச் செய்ய முடியுமா என்று பார்க்க மேடலின் ப்யூ முதலில் தாமே முயன்று பார்ப்பது வழக்கம். ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஏறிச் சுவரில் மோதிய பிறகு அந்தக் காட்சியைக் கைவிட்டார். லூசிலின் குறிப்பிட்ட முகபாவங்களுக்கு எழுத்தாளர்களிடம் குறிச்சொற்கள்கூட இருந்தன. சிலந்தி வரும் ஒரு வானொலி விளம்பரத்தில் அவர் காட்டிய அருவருப்பு முகத்துக்கு 'ஸ்பைடர்' என்று பெயர். பிரதியில் அந்தச் சொல் வந்தால் போதும்.

மீதி முழுவதும் ஒத்திகை. 1952 மே மாதம் ஒளிபரப்பான பகுதியில், சாராயம் கலந்த சத்து மருந்துக்கு விளம்பரம் செய்யும் லூசி, ஒவ்வொரு கரண்டிக்கும் சிறிது சிறிதாகப் போதையேறி, மருந்தின் நீண்ட பெயரைக் குழறிக் கொலை செய்வார். அந்தக் குழறலில் எந்த எழுத்து எந்த முறை இடம் மாற வேண்டும் என்பதுவரை திட்டமிட்டதாலேயே, அது தற்செயல்போலத் தோன்றுகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த சாக்லேட் தொழிற்சாலைக் காட்சியில், உண்மையிலேயே சாக்லேட் தோய்க்கும் வேலை பார்த்த ஒரு பெண்ணை அழைத்து வந்து அருகில் நிறுத்தினார்கள். நகரும் பட்டையில் வரும் சாக்லேட்டுகள் கைக்கு அடங்காமல் போக, லூசியும் அவளுடைய தோழி எத்தலும் வாய்க்குள்ளும் தொப்பிக்குள்ளும் சட்டைக்குள்ளும் அடைத்துக்கொள்ளும் அந்தச் சில நிமிடங்கள், வேகம் கூடக் கூட இருவரின் கண்களில் பரவும் பீதிக்காகவே பார்க்கத் தகுந்தவை. 1956-இல் இத்தாலியத் திராட்சைத் தொட்டியில் நடந்த சண்டையில் மட்டும் நிலைமை கை மீறியது. உடன் நடித்த பெண்ணுக்கு ஆங்கிலம் சரியாகப் புரியாததால், தாம் நிஜமாகவே சாற்றில் மூழ்கடிக்கப்பட்டதாக லூசில் பிறகு சொல்லிச் சிரித்தார்.

உடன் வேலை செய்தவர்களுக்கு இந்தக் கறார்த்தனம் எப்போதும் இனிமையாக இருக்கவில்லை. விருந்தினராக வந்த நடிகர்களுக்கே எப்படி நடிப்பதென்று சொல்லிக் கொடுப்பார் என்ற குறை அவர்மீது இருந்தது. காட்சி நன்றாக வர வேண்டுமென்ற அச்சத்திலிருந்து பிறந்த குணம் அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

எத்தலாக நடித்தவருக்கும் ஃப்ரெட்டாக நடித்தவருக்கும் பகை என்பது உண்மையா?

ஆம். விவியன் வான்ஸ் தம்மைவிட 22 வயது மூத்த வில்லியம் ஃப்ராலியின் மனைவியாக நடிக்க நேர்ந்ததை வெறுத்தார். அதை அவர் சொல்லிக் கேட்ட ஃப்ராலி கடைசிவரை மன்னிக்கவில்லை. அந்தக் கசப்பு திரையில் நெடுநாள் தம்பதியரின் ஊடலாகப் பொருந்திவிட்டது.

கர்ப்பிணியாகத் திரையில் தோன்றிய முதல் நடிகை அவரா?

முதல்வர் அல்லர். 1948-லேயே 'மேரி கே அண்ட் ஜானி' என்ற தொடர் தன் நாயகியின் கர்ப்பத்தைக் கதையில் சேர்த்திருந்தது. ஆனால் லூசிலின் கர்ப்பம்தான் நாடே கவனித்த நிகழ்வாயிற்று. 1952-இல் இரண்டாவது குழந்தை உண்டானபோது, பெரிய மேசைக்குப் பின்னால் வயிற்றை மறைத்து நடிக்கலாம் என்றுதான் முதலில் யோசனைகள் வந்தன. டெசி அதை ஏற்காமல், பிலிப் மாரிஸின் தலைவரிடமே முறையிட்டு அனுமதி பெற்றார். 'கர்ப்பம்' என்ற சொல்லை வசனத்தில் உச்சரிக்கக்கூடாது என்ற தடை மட்டும் நீடித்தது. கத்தோலிக்கப் பாதிரியார், புராட்டஸ்டண்ட் போதகர், யூத ராபி ஆகிய மூவரும் பிரதிகளைப் படித்துப் பார்த்தார்கள். மூவருக்கும் ஆட்சேபிக்க எதுவும் கிடைக்கவில்லை.

1953 ஜனவரி 19 காலையில் லூசிலுக்கு அறுவைச் சிகிச்சை மூலம் மகன் பிறந்தார். முன்பே எடுத்து வைத்திருந்த பகுதியில் அன்றிரவு லூசிக்கும் மகன் பிறந்தான். பார்த்தவர்கள் 4.4 கோடி பேர். மறுநாள் ஐசனோவர் அதிபராகப் பதவியேற்ற விழாவைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 2.9 கோடி. பிரசவ ஓய்வின்போது பழைய பகுதிகளையே புதிய முன்காட்சியோடு போட்டு இடைவெளியை நிரப்பினார்கள். மக்கள் அவற்றையும் சலிக்காமல் பார்த்ததில்தான் மறு ஒளிபரப்பின் மதிப்பு முதலில் புலப்பட்டது.

அவர் கம்யூனிஸ்டா?

1936-இல் வாக்காளர் பதிவின்போது கம்யூனிஸ்ட் கட்சிக்கு வாக்களிக்கும் நோக்கம் உண்டு என்று கையெழுத்திட்டிருந்தார். வாழ்நாள் முழுவதும் உழைப்பாளர் பக்கம் நின்ற சோஷலிஸ்டான தாத்தாவின் மனம் குளிர அப்படிச் செய்ததாகவும், வாக்களிக்கவில்லை என்றும், 1953 செப்டம்பரில் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் அதிகாரியிடம் சாட்சியம் சொன்னார். சில நாட்களில் வால்டர் வின்செல் தம் வானொலி நிகழ்ச்சியில், பெயர் சொல்லாமல் விஷயத்தை உடைத்தார். அந்தக் காலத்தில் இதைவிடச் சிறிய சந்தேகத்தாலேயே பலர் பிழைப்பை இழந்திருந்தார்கள். அவ்வாரப் படப்பிடிப்புக்கு முன் டெசி பார்வையாளர்களிடம் நேரே பேசினார்: அவளிடம் சிவப்பாக இருப்பது தலைமுடி ஒன்றுதான், அதுவும் அசல் இல்லை என்று. அரங்கம் எழுந்து கைதட்டியது. அவர் கட்சி உறுப்பினர் என்பதற்கு ஆதாரமில்லை என்று குழுவின் உறுப்பினர் டொனால்ட் ஜாக்சனும் அறிவித்தார். விளம்பரதாரர் விலகவில்லை. அவ்வாண்டுத் தொடக்கத்தில்தான் 80 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டிருந்த தொடர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அதே கேள்விகளுக்கு ஆளான, அவ்வளவு புகழில்லாத நடிகர்களுக்கு இந்தப் பெருந்தன்மை கிடைக்கவில்லை.

ஸ்டுடியோவின் தலைவரானது எப்போது?

தம்பதியரின் டெசிலூ நிறுவனம் 1957 இறுதியில் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோக்களை 61.5 லட்சம் டாலருக்கு வாங்கியது. இருவரும் முன்பு சம்பளத்துக்கு நடித்த அதே இடம். நிறுவனம் வளர, டெசியின் குடியும் பிற பெண்களுடனான உறவுகளும் பெருகின. 1960 மார்ச்சில் இருவரும் சேர்ந்து நடித்த கடைசி நிகழ்ச்சியின் படப்பிடிப்பு முடிந்த மறுநாள் லூசில் விவாகரத்துக்கு மனுச் செய்தார். அடுத்த ஆண்டு நகைச்சுவைக் கலைஞர் கேரி மார்ட்டனை மணந்தார். 1962-இல் டெசியின் பங்குகளை வாங்கி நிறுவனத்தின் தலைவரானார். ஹாலிவுட்டில் பெரிய தொலைக்காட்சி ஸ்டுடியோ ஒன்றை நடத்திய முதல் பெண்மணி அவர். அந்தப் பொறுப்பை அவர் விரும்பி ஏற்றதாகத் தெரியவில்லை. 1967-இல் 1.7 கோடி டாலருக்குக் கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்.

'ஸ்டார் ட்ரெக்' தொடருக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

தயாரித்தது டெசிலூ. செலவு தாங்காது என்று நிறுவனத்தின் இயக்குநர் குழு எதிர்த்தபோது, தலைவர் என்ற முறையில் லூசில் அதற்கு ஆதரவு கொடுத்தார். முதல் மாதிரிப் பகுதியை என்.பி.சி. நிராகரித்து, வழக்கத்துக்கு மாறாக இரண்டாவதைக் கேட்டது. 1966-இல் அதுவும் 'மிஷன்: இம்பாசிபிள்' தொடரும் ஒளிபரப்பாகின. தொடக்கத்தில் 'ஸ்டார் ட்ரெக்' என்பது போர்வீரர்களை மகிழ்விக்கச் சுற்றுப்பயணம் போகும் கலைஞர்களின் கதை என்று லூசில் நினைத்திருந்ததாக, நிறுவன அதிகாரி ஹெர்பர்ட் சோலோ பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். விண்வெளிக் கதையில் அவருக்கு ஆர்வம் இருந்ததோ இல்லையோ, தம் ஆட்களின் கணிப்பை நம்பிப் பணம் போட்டார் என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

பிற்காலத் தொடர்கள் எப்படி?

'தி லூசி ஷோ' 1962 முதல் 1968 வரையும், தம் இரு பிள்ளைகளோடு நடித்த 'ஹியர்ஸ் லூசி' 1974 வரையும் வெற்றிகரமாக ஓடின. ஆனாலும் டெசியும் பழைய எழுத்தாளர்களும் ஒவ்வொருவராக விலகியபின் வந்தவற்றில், காரணமின்றி நிகழும் சேட்டைகள் மிகுந்துவிட்டன. 'ஐ லவ் லூசி'யின் நாயகி லூசி ரிக்கார்டோவுக்குக் கணவரின் மேடையில் ஏறியே தீர வேண்டுமென்ற ஆசை இருந்தது. பின்வந்த லூசிகளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. 1986-இல் 75-ஆம் வயதில் ஏ.பி.சி.க்காக நடித்த 'லைஃப் வித் லூசி' எட்டுப் பகுதிகளோடு நிறுத்தப்பட்டது. ஏணியில் ஏறும் மூதாட்டியைப் பார்த்துச் சிரிப்பதற்குப் பதில், விழுந்துவிடுவாரோ என்றுதான் மனம் பதைக்கிறது. அந்த ஆண்டு டிசம்பர் 2 அன்று டெசியும் நுரையீரல் புற்றுநோயில் மறைந்தார்.

என்னென்ன விருதுகள் பெற்றார்?

நடிப்புக்காக நான்கு எம்மி விருதுகள். 1986-இல் கென்னடி மையத்தின் கௌரவம். மறைவுக்குப் பின் 1989-இல் அதிபரின் சுதந்திரப் பதக்கம்.

எப்போது, எப்படி மறைந்தார்?

1989 மார்ச்சில் ஆஸ்கர் விழா மேடையில் பாப் ஹோப்புடன் தோன்றினார். ஏப்ரலில் இதயத்தின் பெருந்தமனி கிழிந்து, லாஸ் ஏஞ்சலஸின் சீடார்ஸ் சைனாய் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு தேறிவந்த நிலையில், ஏப்ரல் 26 அன்று தமனியின் வேறொரு பகுதி வெடித்து இறந்தார். வயது 77. அஸ்தி முதலில் லாஸ் ஏஞ்சலஸில் வைக்கப்பட்டு, பிள்ளைகளின் விருப்பப்படி பிற்பாடு ஜேம்ஸ்டவுனிலுள்ள குடும்பக் கல்லறைக்கு மாற்றப்பட்டது. அவ்வூரில் லூசில், டெசி இருவருக்குமான அருங்காட்சியகமும், 2018-இல் திறக்கப்பட்ட தேசிய நகைச்சுவை மையமும் உள்ளன.

லூசில், டெசி இருவரைப் பற்றி 2021-இல் வெளிவந்த 'பீயிங் தி ரிக்கார்டோஸ்' படத்தில் காட்டுபவை நடந்தவைதானா?

நடந்தவைதான், ஆனால் ஒரே வாரத்தில் அல்ல. கர்ப்பம் பற்றிய வாதம் 1952-இல், கம்யூனிஸ்ட் குற்றச்சாட்டு 1953-இல், டெசியின் ஒழுக்கத்தைப் பற்றிய கிசுகிசுப் பத்திரிகைக் கட்டுரை 1955-இல். எழுதி இயக்கிய ஆரன் சார்கின் மூன்றையும் ஐந்து நாள் ஒத்திகைக்குள் அடக்கியிருக்கிறார். படத்தின் முடிவில் எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவர் பார்வையாளர்களின் காதுபடத் தொலைபேசியில் பேசி லூசிலை விடுவிப்பது கற்பனை.